நெருக்கிப் பிடிக்கும் ஆட்டம்

ராட்டர்டாம்
14 நவம்பர் 1982

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பெரியண்ணன் அருளானந்தம் அவர்களுக்கு,

தம்பி ஆம்ப்ரோஸ் இங்கே நலம். குளிர் ஏழு டிகிரி. கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும் நேரத்தில் மட்டும் விரல்கள் என் சொல் கேட்கின்றன. பிடோக்கில் நீங்களும் அண்ணி ரோசம்மாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபேரர் பார்க்கில் தங்கச்சி பெட்டியும் மாப்பிள்ளை சிலுவைராஜும் சுகந்தானே?

சாங்கி விமான நிலையத்தில் உங்கள் கார்கோ கம்பெனியின் கால்பந்து அணிக்கு உங்களையே பயிற்சியாளராகப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் தங்கியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கிளப் மைதானம் இருக்கிறது. பெரிய கிளப் இல்லை. தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர் என்று வேலைக்குப் போகிறவர்கள் ஆடுவது. ஆனால் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தபின், நாம் இத்தனை வருஷம் ஆடியது என்ன என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பந்து எதிரியிடம் போனதும் நாம் பத்துப் பேரும் நம் கோலைப் பார்த்து ஓடுவோம். இவர்கள் முன்னால் ஓடுகிறார்கள். எதிரி தன் கோல் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கும்போதே மூன்று பேர் அவன்மேல் விழுகிறார்கள். கண்டபடி ஓடுவதில்லை. அதற்கு அடையாளம் உண்டு. எதிரியின் ஓரத் தடுப்பாட்டக்காரன், அந்த ஃபுல்பேக், நமக்கு முதுகு காட்டியபடி பந்தை வாங்கினால், அந்தக் கணத்தில் நம் ஓரத்தில் ஓடும் விங்கர் கிளம்பவேண்டும். அதுவும் நேராக ஓடக் கூடாது. உள்பக்கமிருந்து வளைந்து வரவேண்டும். அப்போது அவன் நடுவில் இருப்பவனுக்குத் தட்ட முடியாது. ஒரு பக்கம் நம் ஆள், மறு பக்கம் எல்லைக்கோடு. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் கால் வேகத்துக்கு இது தைத்து வைத்த சட்டை மாதிரி இருக்கும். அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு. உங்கள் முதுகுவலி குறைந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள்.

தம்பி
ஆம்ப்ரோஸ்


பிடோக்
5 டிசம்பர் 1982

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

ஆண்டவர் கிருபையில் வீட்டில் எல்லாரும் சுகம். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணி, நீ கம்பளிச் சட்டைக்குள் பனியன் போடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டே போன செவ்வாய் ஃபேரர் பார்க் திடலுக்குப் போனேன். எல்லாரையும் புல்லில் உட்காரவைத்து விளக்கினேன். பிறகு ஆடவிட்டேன். கூத்து. மூன்று பேர் ஒருவன்மேலேயே ஓடி மோதிக்கொண்டார்கள். கோல்கீப்பர் தங்கராஜு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது. அவர் வளைந்து வரும் வேகத்தைப் பார்த்து எதிரே நின்றவன் பந்தை விட்டுவிட்டே ஒதுங்கினான்.

எனக்கு ஒரு சிக்கல். ஃபுல்பேக்கை நெருக்கினால் அவன் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிவிடுகிறான். கீப்பர் கையில் எடுத்துக்கொள்கிறான். நம் ஓட்டமெல்லாம் வீண். அங்கே என்ன செய்கிறார்கள், பார்த்து எழுது.

இன்னொரு செய்தி. எங்கள் விளையாட்டுச் செயலாளர் வேலாயுதம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இந்தப் பருவத்தில் கம்பெனிகள் லீக்கில் கோப்பை வாங்கினால், அணியில் இருக்கும் தினக்கூலி ஆட்களை நிரந்தரமாக்குவார்களாம். மாப்பிள்ளை ஆறு வருஷமாகத் தினக்கூலியில் சரக்கு தூக்குகிறார். பெட்டிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நடந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. அங்கே பூசைக்குப் போகிறாய்தானே?

அண்ணன்
அருளானந்தம்


ராட்டர்டாம்
2 ஜனவரி 1983

பெரியண்ணன் அவர்களுக்கு,

புத்தாண்டில் உங்கள் எல்லாருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். எனக்குச் சளி மட்டும், வேறொன்றுமில்லை. பனியன் போடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது. இங்கே பயிற்சியாளர் ஒரு கிழவர், பெயர் யான். வாரம் மூன்று நாள் அவரோடுதான் இருக்கிறேன். சென்டர் ஃபார்வர்டு பந்தைத் துரத்தவே கூடாது என்கிறார். அவன் ஃபுல்பேக்குக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் போய் நிற்கவேண்டும். திருப்பித் தட்டும் வழி அடைபட்டுவிடும். அதே நேரத்தில் நம் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் மைதானத்தின் பாதிக்கோடு வரை ஏறி வரவேண்டும். தங்கராஜு தன் பெனால்டி பகுதிக் கோட்டின் விளிம்பில் நிற்கவேண்டும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் கதை முடிந்தது.

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே முப்பது கஜத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒருவன் ஓடாவிட்டால் பத்துப் பேர் ஓடியதும் பாழ். கிழவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பெட்டிக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு வாழ்த்தட்டை அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஆம்ப்ரோஸ்


பிடோக்
20 பிப்ரவரி 1983

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். சளி போய்விட்டதா? அண்ணி மிளகு ரசப்பொடி அனுப்பியிருக்கிறாள்.

ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி. ஜூரோங் அணி ஒன்றுக்கு எதிராக முதல் பத்து நிமிஷத்திலேயே மூன்று கோல் அடித்தோம். மூன்றும் மாப்பிள்ளை பிடுங்கிக் கொடுத்த பந்து. அவர்களின் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். நானாக யோசித்தது என்று சொல்லிவிட்டேன். நீ தப்பாக நினைக்கமாட்டாய்.

ஒன்றுதான் உதைக்கிறது. நம் ஊர் வெயில். நாலு மணி ஆட்டத்தில் தரை கொதிக்கிறது. அறுபது நிமிஷம் தாண்டினால் ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். போன ஞாயிறு மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அப்துல் அஜீஸ் என்று ஒரு பையன் மாற்று ஆட்டக்காரனாக இருக்கிறான். அவன் என்னிடம், "கோச், கொஞ்ச நேரம் பின்னால வந்து மூச்சு விட்டுக்கலாமா லா?" என்று கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நீ ஒருவன் நின்றால் எல்லாம் பாழ் என்று எழுதியிருக்கிறாய். அங்கே தொண்ணூறு நிமிஷமும் இப்படித்தான் ஓடுகிறார்களா? நடுவில் மூச்சு வாங்குவது உண்டா? கிழவரிடம் தெளிவாகக் கேட்டு உடனே எழுது.

அண்ணன்
அருளானந்தம்


ராட்டர்டாம்
6 மார்ச் 1983

பெரியண்ணன் அவர்களுக்கு,

ரசப்பொடி வந்தது, சளி போனது. வீட்டில் எல்லாரும் சுகமென்று அறிந்து மகிழ்ச்சி.

யானிடம் கேட்டேன். அவர் சிரித்தார். தொண்ணூறு நிமிஷமும்தான். மூச்சு வாங்க வேண்டும் என்று கேட்பவனுக்கு இந்த ஆட்டத்தில் இடமில்லை என்றார். களைப்பு காலில் இல்லை, தலையில் இருக்கிறதாம். யாராவது வெளியே வரக் கை தூக்கினால், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷத்தில் அவனே மறுபடி ஓடுவான் என்றார்.

அப்துல் அஜீஸிடம் இதைச் சொல்லுங்கள்.

கோப்பை வந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

தம்பி
ஆம்ப்ரோஸ்


பிடோக்
12 மே 1983, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஜாலான் புசார் அரங்கில் நாலு மணிக்கு. பதினொரு நாளாக மழை இல்லை.

மாப்பிள்ளைக்குச் செவ்வாயிலிருந்து காய்ச்சல். நேற்று நூற்றிரண்டு டிகிரி. தங்கச்சி பெட்டி ஃபேக்டரி வேலை முடிந்து நேராக இங்கே வந்து, அவர் ஆடவேண்டாம் என்று ஒரு மணி நேரம் அண்ணியிடமும் என்னிடமும் பேசினாள். அவரை விட்டால் இடது பக்கம் நெருக்க எனக்கு ஆள் இல்லை. அஜீஸ் நல்ல பையன், ஆனால் அரை விநாடி பிந்துவான். வேலாயுதம் சாரிடம் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் கடிதம் கேட்பார். மாத்திரை கொடுத்திருக்கிறேன். ஞாயிறுக்குள் இறங்கிவிடும்.

நிரந்தர வேலை கிடைத்தபின் பெட்டியே எனக்கு நன்றி சொல்வாள். எங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று.

அண்ணன்
அருளானந்தம்


பிடோக்
24 மே 1983

அன்புத் தம்பிக்கு,

நலமா? கோப்பை நம்முடையது. ஒன்றுக்குச் சுழியம்.

ஐம்பத்திரண்டாம் நிமிஷம். அவர்களுடைய வலது ஃபுல்பேக் முதுகைக் காட்டிப் பந்தை வாங்கினான். மாப்பிள்ளை நீ எழுதியபடியே உள்ளிருந்து வளைந்து வந்தார். அவன் கீப்பரைத் தேடினான், நடுவில் நம் ஆள். கோட்டோரம் திரும்பினான், இடமில்லை. மாப்பிள்ளை பந்தைப் பிடுங்கிக் குறுக்கே கொடுத்தார், கோல். கம்பெனி மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். ஜூலையிலிருந்து நான் விளையாட்டு நலத்துறையில் உதவி அதிகாரி. ஷெட்டில் நிற்கவேண்டியதில்லை. முதுகுக்கும் நல்லது. அடுத்த பருவத்துக்கு நடுத்திடலில் எப்படி நெருக்குவது என்று கேட்டு எழுது. எல்லாரும் நம் இடது பக்கத்தைப் படித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை. படம் அடுத்த கடிதத்தில்.

அண்ணன்
அருளானந்தம்


ராட்டர்டாம்
10 ஜூலை 1983

அன்புள்ள தங்கச்சி பெட்டிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் அம்மா? ஃபேக்டரி வேலைக்குப் போகிறாயா? நான் சுகம்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் என்று பெரியண்ணன் மே மாசம் எழுதினார். என்ன என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு வெற்றிப் படம் மட்டும் வந்தது. படத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள், மாப்பிள்ளை இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். ஒளிக்காமல் எழுது.

சின்னண்ணன்
ஆம்ப்ரோஸ்


ஃபேரர் பார்க்
24 ஜூலை 1983

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது அறிந்தேன். நான் வேலைக்குப் போகவில்லை. இவரைத் தனியே விட முடியாது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள்.

நான் அரங்கில் வேலியோரம் முதல் வரிசையில் இருந்தேன். அன்று காலையிலும் இவருக்கு உடம்பு சுட்டது. "இன்னைக்கு ஒரு நாள் தானே பெட்டி, அதுக்கப்புறம் பெர்மனன்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு அந்த நிரந்தர வேலைக் கதையே தெரியும்.

கோல் விழுந்தபின் எல்லாரும் துள்ளினார்கள். இவர் மட்டும் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியண்ணனைப் பார்த்துக் கை தூக்கினார். பெரியண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அஜீஸ் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். பெரியண்ணன் அவனைச் சாடை காட்டி உட்காரவைத்தார். பிறகு இவர் மறுபடி தூக்கினார், இரண்டு கையையும். பெரியண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டே ஓடி அவர் பக்கத்தில் போய், "பெரியண்ணா, அவர வெளிய எடுங்க" என்றேன். "இன்னும் இருபது நிமிஷந்தான். உட்காரு பெட்டி" என்றார். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

இவருக்கு வேர்வை நின்றுபோயிருந்தது. எங்கள் பக்கம் வந்தபோது பார்த்தேன், சட்டை காய்ந்திருந்தது. அப்புறம் பந்து இல்லாத பக்கம் ஓட ஆரம்பித்தார். நம் கோலைப் பார்த்து, வளைந்து வளைந்து, யாரையோ நெருக்குவதுபோல. ஜனங்கள் சிரித்தார்கள். நானும்கூட ஒரு கணம் இவர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். விழுந்தார்.

உடம்புச் சூடு மூளையைத் தாக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாக்கு தடித்துப் பேசுகிறார். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு மடியில். இதற்குமேல் தேறுவது கஷ்டமாம். ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை முதல் ஆஸ்பத்திரியில் கண் திறந்தது வரை எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை.

கம்பெனியில் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி விசாரணை வைக்கிறார்கள். காய்ச்சல் என்று தெரிந்தே பயிற்சியாளர் ஆடவிட்டாரென்றால் அது கம்பெனிப் பொறுப்பு, உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றைக் கொடுத்து இவரை வைத்துக்கொள்ள வேண்டும். இவரே மறைத்துவிட்டு ஆடினாரென்றால் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெரியண்ணன் தனக்குக் காய்ச்சல் விஷயம் தெரியவே தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் பெண்டாட்டி, என் சொல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். அஜீஸ் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

ஆட்டத்துக்கு முன் பெரியண்ணன் உங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பார். நீங்கள் இரண்டு பேரும் பந்தைப் பற்றித்தானே எழுதிக்கொள்வீர்கள். அதில் காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இருந்தால் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்புங்கள்.

தங்கை
பெட்டி


ராட்டர்டாம்
7 ஆகஸ்ட் 1983

அன்புத் தங்கச்சி பெட்டிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நீ சாப்பிடுகிறாயா? முதலில் அதைச் செய்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். பிப்ரவரியில் பெரியண்ணன், இந்த ஆட்டத்தில் மூச்சு வாங்கலாமா என்று கிழவரிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. கிழவரோடு நான் அதுவரை பேசியதே இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததைத்தான் எழுதினேன், மீதியை நானாக எழுதினேன். பெரியண்ணன் என்னிடம் ஒன்று கேட்டு நிற்பது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

போன வாரம் வேலிக்குள் போய் அவரிடம் கேட்டேன். பதினைந்து நிமிஷம் நெருக்குவோம், பிறகு பாதிக்கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவோம், மூச்சு வந்தபின் மறுபடி என்றார். இந்தக் குளிரிலேயே அப்படித்தானாம். காய்ச்சல்காரனை மைதானத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

நீ கேட்ட கடிதம் என்னிடம் இருக்கிறது. காய்ச்சலைப் பற்றி நாலு வரி இருக்கிறது. முதலில் பெரியண்ணனுக்கு எழுதி, அவரே உண்மையைச் சொல்லும்படி கேட்கிறேன். கேட்காவிட்டால் அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

சின்னண்ணன்
ஆம்ப்ரோஸ்


பிடோக்
29 ஆகஸ்ட் 1983

அன்புத் தம்பிக்கு,

ரோசம்மா, பிள்ளைகள், நான் எல்லாரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது.

நீ அங்கே இருந்துகொண்டு பேசுகிறாய். அந்த அரங்கில் ஆயிரம் பேருக்கு முன்னால் ஒரு ஆள் கை தூக்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும் அவர் கட்டிலடியில் உட்கார்ந்தவன் நான். இதைப் பெட்டி உனக்கு எழுதியிருக்கமாட்டாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னது யார்? மார்ச் 6 தேதியிட்ட உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீ என் கடிதத்தை வெளியே எடுத்தால் நானும் உன்னுடையதை எடுக்கவேண்டி வரும். பங்குக் கோவிலில் எல்லாரும் படிக்கட்டும், அதற்குப் பிறகு நம் குடும்பத்தைப் பற்றி என்ன பேசவேண்டுமோ பேசட்டும்.

ஜனவரியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. ஊரில் இப்போது வெல்டருக்கு வேலை சுலபமில்லை. வேலாயுதம் சாரிடம் உனக்காகப் பேசியிருக்கிறேன். எங்கள் வண்டிப் பராமரிப்புப் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, நிரந்தரம். யோசித்து எழுது.

குளிர் ஆரம்பிக்கப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அருளானந்தம்


ஃபேரர் பார்க்
18 செப்டம்பர் 1983

சின்னண்ணனுக்கு,

சுகமா? இங்கே அப்படியே. கடிதம் இன்னும் வரவில்லை. விசாரணை அக்டோபர் 12, புதன்கிழமை. தபாலில் எட்டு நாள் ஆகும்.

பெட்டி


ஃபேரர் பார்க்
20 நவம்பர் 1983

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் உறை அக்டோபர் 22 அன்று வந்தது. உள்ளே பெரியண்ணனின் கடிதமும், மன்னித்துக்கொள் என்று நீங்கள் எழுதிய துண்டும் இருந்தன. உறையின் மேலே ராட்டர்டாம் தபால் முத்திரை அக்டோபர் 14. தேதியை நான் உங்களுக்கு இரண்டு தடவை எழுதியிருந்தேன். வேலை அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தீர்கள். அண்ணி போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம், ஜனவரியில் ஆம்ப்ரோஸுக்குக் கம்பெனியில் இடம் உறுதியாகிவிட்டது என்று சொன்னார்கள். எனக்குத் தெரியாதென்று அவர்களுக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டேன்.

விசாரணையில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பெரியண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார். நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர் இவர் பக்கத்தில் உட்கார்ந்து இறுதி ஆட்டத்தைச் சொல்வார். இவருக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை, குழந்தை மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வாரமும் அதே ஆட்டம். ஒரு வாரம் புதிதாக ஒன்று சேர்ந்தது. "நான் உங்களை வெளிய கூப்பிட்டேன் மாப்பிள்ளை. நீங்கதான் வரமாட்டேன்னு கைய தூக்கிக் காட்டினீங்க." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். வெளியே வந்து கத்தியிருக்கவேண்டும். இவர் சிரித்தார். வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாகச் சிரித்தார். அதனால் நான் நின்றுவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி இவரை டாக்சியில் கூட்டிப்போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஓரமாகப் பெரியண்ணன். உங்கள் கடிதம் வரவில்லை, ஆகவே என் கையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். பிறகு வேலாயுதம் இவரிடம், உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டார். இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "மச்சான் கூப்பிட்டாரு. நான்தான் வரமாட்டேன்னு சொன்னேன். காய்ச்சல நான்தான் சொல்லல. என் டீம் சார்." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். காய்ச்சலையும் பெரியண்ணன் எந்த ஞாயிறில் கதையில் சேர்த்தாரோ, எனக்குத் தெரியாது.

பெரியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அணிக்கு ஆற்றிய சேவைக்கு என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், கண்ணாடி போட்டது. கூடத்தில் மாட்டச் சொல்கிறார், மாட்டியிருக்கிறேன். அஜீஸ் ஒரு நாள் வந்து அதைப் பார்த்துவிட்டு அழுதான். அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கம்பெனிக்குப் போகலாம் என்று அடுத்த பிளாக்கில் இருக்கும் நூருன்னிசா அக்கா சொன்னார். இரண்டு நாள் யோசித்தேன். போனால் இவரை மறுபடி கூப்பிட்டு, நீ சொன்னது பொய் என்பார்கள். இவருக்கு இந்த வீட்டில் கால் இல்லை, கை இல்லை, நாக்கும் பாதிதான். தான் விரும்பித்தான் மைதானத்தில் நின்றார் என்ற நினைப்பு ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நான் பிடுங்க வேண்டுமா? அதனால் பெரியண்ணனின் கடிதத்தை இதோடு உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். இங்கே இருந்தால் இவர் கண்ணில் படும்.

டிசம்பரிலிருந்து நான் காலை ஷிஃப்டுக்குப் போகிறேன். அக்கா வந்து இவரைப் பார்த்துக்கொள்வார்.

நேற்றுக் கீழே காப்பிக்கடையில் புதிதாகக் குடிவந்த ஒருவரிடம் இவர் அந்தக் கதையைச் சொன்னார். பாதியில் சொல் கிடைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ இருந்தல்ல பெட்டி, சொல்லு" என்றார். "ஆமா, இருந்தேன். கோச் கூப்பிட்டாரு, இவருதான் வரமாட்டேன்னுட்டாரு" என்றேன்.

ஜனவரியில் வந்ததும் வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்கும் சொல்வார். நீங்களும் ஆமாம் என்று சொல்லவேண்டும்.

குளிரில் பத்திரமாக இருங்கள்.

தங்கை
பெட்டி